காத்தாலயிருந்து சொல்லு

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. நான் அப்போது பள்ளித் தமிழாசிரியை. எங்கள் வீடு கோவை கணபதியில். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தம்பி கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது, "ஆர்.எஸ்.புரத்துத் தையல்காரர்ட்ட என்ற ரவிக்கை ரெண்டு இருக்குது, வாங்கிட்டு வந்துரு சாமி" என்றேன். "நாளைக்குப் போறனுங்க்கா. இன்னைக்குக் கூட்டம்னு ரோட்டையெல்லாம் அடைச்சிருப்பாங்க" என்றான். பாஜக தலைவர் அத்வானி பேசுவதாக இருந்த தேர்தல் கூட்டம். "டிவிஎஸ் 50 போறதுக்கு வழியில்லாமயா போயிரும்?" என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

நான்கு மணி வாக்கில் தொடங்கி, ஊரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். காயம்பட்டவர்களில் என் தம்பியும் ஒருவன். அரசு மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு குண்டு வெடித்திருந்ததால் யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் நான்கு இடங்களில் தேடி, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் நடைபாதையில் அவனைக் கண்டோம். கழுத்திலும் தோளிலும் கண்ணாடிச் சில்லு. இடது காது கேட்கவில்லை. மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் என் ரவிக்கைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

தம்பி இரண்டு மாதத்தில் பட்டறைக்குத் திரும்பினான். நான்தான் திரும்ப முடியாமல் போனேன். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

தம்பி வேலை பார்த்தது லேத் பட்டறையில். பதினோரு மணி டீக்கு மிஷின்களை நிறுத்தியதும் சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். வண்டியை எங்கே நிறுத்தியிருந்தாய், சத்தம் எந்தப் பக்கம் கேட்டது, தூக்கினது யார், எந்த ஆட்டோ, டிரைவர் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். அவனும் சொல்வான். முதல் வாரங்களில் டீ கிளாஸைப் பிடித்த கை நடுங்கும். நாளாக ஆக, அவன் சொல்வதற்கு ஒரு தொடக்கம் வந்தது, நடுவில் ஒரு பாதை வந்தது, "அப்புறம் அக்காவும் மச்சானும் வந்தாங்க" என்று ஒரு முடிவும் வந்தது. அவனுக்குப் பயம் அற்றுப்போய்விடவில்லை. தீபாவளி இரவுகளில் இன்றும் சன்னலை அடைத்துக்கொள்கிறான். ஆனாலும் அந்த நாள் அவனுக்கு, நடந்து முடிந்த ஒரு நாளாக ஆகிவிட்டது.

எனக்கு அது முடியவேயில்லை. என் உடம்பில் கீறல்கூட இல்லை. அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. "அதுதான் தம்பி பொழச்சு வந்துட்டானில்ல, அப்புறமென்ன?" என்றார்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். ஏன் அனுப்பினேன்? அவன் வேண்டாமென்றானே, ஏன் கேட்கவில்லை? நான் என்ன பாவம் செய்தேன்? அவன் காது போனதற்கு வீடு என்னைத்தானே சொல்லும்? ஒரு கேள்வி அடுத்ததைக் கொண்டுவரும், கடைசிக் கேள்வி மறுபடி முதல் கேள்விக்கே கொண்டுவந்து நிறுத்தும். மனசில் போட்டு உழட்டுவது என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். மருகுவது என்றும் சொல்வோம். மாடு படுத்து அசை போட்டால் அதற்கு உடம்பு சுகமாயிருக்கிறது என்று பொருள். அசை போடாத மாட்டைத்தான் வைத்தியரிடம் காட்டுவார்கள். மனுசருக்கு இது தலைகீழ். மாடு மேலே கொண்டுவந்து மென்று பொடியாக்கியது கடைசியில் அடுத்த வயிற்றுக்குப் போகிறது. நான் மென்றதெல்லாம் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது.

நான்கைந்து மாதம் பொறுத்து ஒரு மருத்துவரிடம் போனேன். தூக்கமில்லை, வகுப்பில் பாடம் நடுவில் நின்றுபோகிறது என்றேன். அவர், "கண்டதை நினைக்காதீங்க டீச்சர், மனசை வேலையில வைங்க" என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால், அதற்கு முன்பே அதே சொல்லை நான் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர். உக்கடத்துக்காரர், இஸ்லாமியர். 1997 நவம்பர் 29 அன்று செல்வராஜ் என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். டீச்சரின் உறவில் ஒரு பையனும் அதில் போனான். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறையில், "அவன் அன்னைக்கு எங்க வீட்டுக்கு வர்றதா இருந்துச்சுங்க டீச்சர்" என்று அவர் ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து, அன்பாகத்தான், "மறந்துருங்க டீச்சர், நினைக்க நினைக்கத்தான் கஷ்டம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் அதற்குப் பிறகு என்னிடம் முடிக்கவேயில்லை. செல்வராஜ் கொல்லப்பட்ட நாளிலிருந்து சரியாகப் பதினோரு வாரம் கழித்து என் வீட்டில் அதே நிலை. அன்பாகச் சொன்ன அந்த ஒரு சொல் எப்படிக் கதவைச் சாத்தும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு வேலை ஒரு பெருமை. கிணறு வற்றினால் போர் போடுவோம், பருத்தி போனால் மில், மில் போனால் பம்பு, அதுவும் போனால் பனியன் என்று எழுந்து நின்ற ஊர்கள் இவை. விழுந்தவரை எழுப்பிவிட எங்களிடம் உள்ள ஒரே சொல், "ஆனது ஆயிப்போச்சு, ஆகறதைப் பாரு." இந்தச் சொல்லுக்கு நான் எதிரியல்ல. கடனில் மூழ்கியவரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் உயிர்ப்பயம் கண்டவரிடமும் அதே சொல்லைச் சொல்கிறோம். அவர் நினைப்பதை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி தனியாக, சத்தமில்லாமல் மருகுகிறார்.

என்னை மீட்டது எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர். காங்கேயம் பக்கம் கிராமம், எண்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். அடுத்த ஆண்டு கோயில் நோம்பிக்குப் போயிருந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, திண்ணையில் பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னைக்கு என்ன நடந்துச்சு கண்ணு?" என்றார். "நான் அவனை அனுப்பியிருக்கக் கூடாதுங்க அம்மிச்சி" என்றேன். "அதைக் கேக்கலை. காத்தாலயிருந்து சொல்லு. எந்திரிச்சு என்ன பண்ணுனே?"

காலையிலிருந்து சொன்னேன். தண்ணீர் பிடித்தது, பள்ளிக்கு அரைநாள், பருப்புச் சோறு, தம்பி மோர் கேட்டது. நான் "ஏன்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் ஒரு சின்னக் கேள்வியால் திருப்பிவிட்டார். எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போனீங்க? யாரு கூட வந்தா? நடைபாதையில் அவனைப் பார்த்த இடம் வந்ததும் நின்றுவிட்டேன். "மடியில பை இருந்துச்சு" என்றேன். அம்மிச்சி கேட்டார்: "அந்த ரவிக்கை என்ன கலருங் கண்ணு?" ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று கத்தரிப்பூ நிறம் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், ஓராண்டில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதேன். ஏன் அனுப்பினேன் என்பதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. ரவிக்கையின் நிறத்துக்குப் பதில் இருந்தது.

அன்றிரவு அண்ணன்மார் கோயிலில் படுகளம். பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடுவது எங்கள் பக்கத்தில் பல இரவுகள் நீளும். பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். படுகளத்தன்று, கதையில் வீரர்கள் மடியும் இடம் வரும்போது, கூட்டத்தில் நிற்கும் ஆண்கள் அருள் வந்து ஒவ்வொருவராகச் சாய்வார்கள். பிணம்போலக் கிடப்பார்கள். தங்கை தங்காள் தேடிக்கொண்டு வருவாள், அழுவாள், தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். ஊரே சுற்றி நின்று பார்க்கும். விழுந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் விழுவார்கள், மறுபடியும் எழுப்பப்படுவார்கள்.

சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு துயரத்தைத் திரும்பத் திரும்பப் போய்த் தொடுவதை எங்கள் முன்னோர் நோயாக எண்ணவில்லை. அதற்கு ஒரு நாள் குறித்தார்கள், ஊரைக் கூட்டினார்கள், எழுப்பிவிட ஒரு கையை வைத்தார்கள். நானும் திரும்பத் திரும்பத்தான் அந்த நாளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் என்னுடையது ஆளில்லாத படுகளம். விழுவது மட்டும் இருந்தது, எழுப்ப யாரும் வரவில்லை.

பின்னாளில் மகன் உளவியல் படித்தபோது அவன் புத்தகங்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற பேராசிரியர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 137 பேரிடம் மனம் வாடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்து வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அங்கே பெரிய நிலநடுக்கம். பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி கேட்டார். துயரத்தைத் தனக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் புரட்டும் பழக்கமுடையவர்களிடம்தான் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

எங்கள் ஊரில் குண்டு வெடித்த அதே 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 967 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் மாதத்தில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக மனவடு நோய் இருந்தது, ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இருந்தது. அதை நீடிக்க வைத்தவை எவை என்று தேடியபோது, திரும்பத் திரும்ப மருகுவதும் பட்டியலில் இருந்தது, நினைப்பை வலிந்து அமுக்குவதும் இருந்தது. நாம் அன்பாகச் சொல்லும் "நினைக்காதே" அந்தப் பட்டியலில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எட்வர்டு வாட்கின்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர், "ஏன் எனக்கு" என்று சுற்றும் யோசனை ஆளை முடக்குகிறது, "எப்படி நடந்தது, அடுத்து என்ன" என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் யோசனை ஆளை நடக்க வைக்கிறது என்று காட்டியிருக்கிறார். எங்கள் அம்மிச்சி திண்ணையில் செய்தது அதைத்தான்.

இவை மேலைநாட்டில் அளந்தவை, நமக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நான் மருகியதில் பாதி என்னைப் பற்றியே அல்ல. என்னால் தம்பிக்குப் பெண் கிடைக்காமல் போகுமோ, சொந்தம் என்ன பேசும் என்பதுதான். நம் ஊரில் தனிமனசு என்று ஒன்றைப் பிரித்தெடுப்பது கடினம். அதனால் மருந்தும் வீட்டையும் ஊரையும் சேர்த்ததாக இருக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய நூலின் பெயரே 'மனவடு'. அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றிலும், வடு தனி ஆளோடு நிற்பதில்லை, சமூகம் முழுவதற்கும் விழுகிறது, அதை ஆற்றுவதில் மக்களின் சொந்தச் சடங்குகளுக்கும் இடமுண்டு என்று விடாமல் சொல்கிறார்.

நம்மிடம் அந்தச் சடங்குகள் மெலிந்துவருகின்றன. முன்பு ஒரு எழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவர் என்ன சாப்பிட்டார், கடைசியாக யாரிடம் பேசினார் என்று பாட்டிலேயே வரும். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். இப்போது ஃப்ரீசர் பெட்டி, ஒலிபெருக்கி, மின்மயானம், மூன்றாம் நாளே எல்லாக் காரியமும் முடிந்துவிடுகிறது. துக்கம் கேட்க வருகிறவர் வண்டியை அணைக்காமல் நிற்கிறார். பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. தாலியறுத்தவளை அந்தச் சடங்குகள் படுத்திய பாட்டையும் நான் கண்டிருக்கிறேன். அந்தக் கொடுமை போக வேண்டியதுதான், ஆனால் கேட்கும் காதும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

ஊர் என்ற அளவிலும் நாம் மருகிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு பிப்ரவரி 14-க்கும் கோவையில் தடுப்புகள், வாகனச் சோதனை, ஆர்.எஸ்.புரத்தில் அஞ்சலி. அதே ஏன், அதே யார். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் அதிகாலை, உக்கடம் ஈசுவரன் கோயில் அருகே கார் வெடித்தபோது தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, நீ எங்க இருக்கே?" என்றான், நான் வீட்டில்தான் இருப்பேன் என்று தெரிந்தும். அன்று இந்த ஊரில் எத்தனை வீட்டில் அப்படிப் போன் அடித்திருக்கும்! குண்டு மட்டுமா? 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் மாண்டார்கள். மழை வலுக்கும் இரவுகளில் அங்கே மிஞ்சியவர்கள் எப்படிப் படுப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது மூன்று.

முதலாவது வீடுகளிடம். அடிபட்டவரிடமும், அடிபடாமல் அருகில் இருந்தவரிடமும் "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். "காத்தாலயிருந்து சொல்லு" என்று கேளுங்கள். ஆனால் கேட்பது வேறு, கிளறுவது வேறு. அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலிலேயே, "சொல்லு சொல்லு" என்று பிடுங்குவது நல்லதல்ல. சம்பவம் முடிந்த கையோடு ஒருவரை வற்புறுத்திப் பேச வைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருங்கள், சோறு போடுங்கள், அவர் வாயெடுக்கும்போது வாக்கியத்தை முடிக்க விடுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, அந்தக் காட்சி விடாமல் வருகிறது, சாவதே மேல் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நானும் கடைசியில் போனேன், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அம்மிச்சி திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். இன்று 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இரண்டாவது அரசிடம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. எத்தனையோ உயிரைக் காக்கும் நல்ல திட்டம். ஆனால் மனசின் காயம் அந்த 48 மணி நேரத்தில் தெரியாது. அது மூன்றாம் மாதத்தில்தான் வாய் திறக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகப் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடு வீடு தேடி வருகிறார்கள். இரண்டு திட்டத்தையும் ஒரு கயிற்றால் கட்டுங்கள். விபத்து நடந்த வீட்டுக்கு மூன்றாம் மாதம் ஒரு தன்னார்வலர் போகட்டும். பிழைத்தவரிடம் மட்டுமல்லாமல் வண்டி ஓட்டியவரிடமும், போகச் சொல்லி அனுப்பியவரிடமும் பேசட்டும். தேவைப்படுகிறவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்க்கட்டும்.

மூன்றாவது என் ஊரிடம். பிப்ரவரி 14-ஐ மட்டுமல்ல, அதற்கு முந்தைய நவம்பரையும் சேர்த்து, ஆண்டில் ஒருநாள் கொடியும் மைக்கும் இல்லாமல் இந்த இரண்டு தரப்பு வீடுகளும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து, அன்று காலையிலிருந்து நடந்ததைச் சொல்ல ஒரு இடம் வேண்டும். முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் பயந்து அழுத சிறுமியாக இருந்தபோது, என் அம்மா அந்தி நேரத்தில் என்னைக் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் வாசலுக்குத்தான் ஓதி ஊதக் கூட்டிப் போனார். இந்த ஊரில் ஒருவர் பயத்தை இன்னொருவர் போக்கிய காலம் உண்டு.

அம்மிச்சி இறந்து பல ஆண்டாகிறது. அவர் போனதும் நான் அந்தக் கணக்கு டீச்சரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். தேநீர் ஆறும்வரை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு அந்தப் பையன் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்துச்சுன்னு சொன்னீங்களே டீச்சர், மீதியைச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, காலையிலிருந்து தொடங்கினார்.